ஒரிஜினல் இன்னும் நல்லா இருக்கும்

பார்த்தீங்களா, நீங்களும் சொல்லிட்டீங்க! ‘கூட ஒண்ணு’ படம் பார்த்திருக்கீங்களா சார்னுதானே கேட்டேன்? பார்த்திருக்கேன்னு சொன்னீங்க, எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம்ல? ‘அது ஏதோ கொரியன் படத்தோட காப்பியாச்சே’ன்னு எதுக்கு சார் சேர்த்தீங்க? இல்ல இல்ல, கோபமெல்லாம் இல்ல. பழகிப்போச்சு. காலையில சென்ட்ரலுக்குக் கூட்டிட்டு வந்த ஆட்டோக்காரரும் இதையேதான் சொன்னார். அந்தப் படத்தோட டைரக்டர் நான்தான் சார். எழுத்து இயக்கம் பூவநாதன்னு பெரிசா வரும். நீங்க பாப்கார்ன் வாங்கப் போயிருப்பீங்க.

இப்ப ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. அப்படி ஒரு கொரியன் படமே கிடையாது. கொரியாவுல இல்ல, ஜப்பான்ல இல்ல, உலகத்துலயே இல்ல. அந்தப் படத்தை உண்டாக்கினது நான். வாயாலயே உண்டாக்கினேன். சிரிக்காதீங்கன்னு சொன்னேன்ல!

ஹைதராபாத் வரைக்கும் வர்றீங்கல்ல? இப்பத்தான் கூடூர் தாண்டியிருக்கோம், முழுசாவே சொல்லிடறேன். என் மனைவியும் வர்றா. அதோ, அந்தக் கோடி ஜன்னல்ல மஞ்சள் சுடிதார். பேரு செண்பகவல்லி. எங்களுக்குக் கோவில்பட்டி சார். அங்க கோயில்ல சாமி பூவநாதர், அம்மன் செண்பகவல்லி. ஜோசியர் எங்க ரெண்டு பேர் பேரையும் கேட்டுட்டு, இதுக்கு மேல நான் என்னத்தப் பார்க்கன்னு ஜாதகத்தை மூடிட்டார். டிக்கெட் பக்கத்துப் பக்கத்து ஸீட்லதான் இருந்துச்சு. அவதான் யார்கிட்டயோ கேட்டு மாத்திக்கிட்டா. நான் பேசிக்கிட்டே வருவேனாம், அவளுக்கு யோசிக்கணுமாம். என்னத்த யோசிக்கப் போறா, விடுங்க.

கல்யாணம் ஆனப்பவும் நான் அசிஸ்டென்ட் டைரக்டர், பொண்ணு அஞ்சாங்கிளாஸ் போனப்பவும் அசிஸ்டென்ட் டைரக்டர். நான் வேலை பார்த்தவங்க எல்லாரும் சஸ்பென்ஸ் படம் பண்றவங்க. எப்படிப் பண்ணுவாங்க தெரியுமா? வடபழனியில லாட்ஜ் ரூம் போடுவாங்க. கதை டிஸ்கஷன்னு பேரு. லேப்டாப்ல ஒரு வெளிநாட்டுப் படம் ஓடும். ரூம் பையன் டீயோட வந்தா டப்புனு மூடிருவோம், என்னமோ செய்யக் கூடாததைச் செய்யற மாதிரி. படம் முடிஞ்சதும் டைரக்டர் கண்ணை மூடிக்கிட்டு, ‘எனக்கு ஒண்ணு தோணுதுய்யா’ம்பார். நாங்க அத்தனை பேரும் ‘சார், எப்படி சார்!’னு வாயைப் பிளக்கணும். இப்பத்தான சார் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம்! ஆனாலும் பிளக்கணும். அது ஒரு முறை. அப்புறம் பனி பெய்யற இடத்துல மழையைப் போட்டு, ஓவர்கோட்டுக்குப் பதிலா லுங்கியைக் கட்டி, நடுவுல ஒரு குத்துப்பாட்டைச் செருகினா ஆச்சு, நம்ம கதை.

எனக்கு அது ஒட்டவே ஒட்டாது சார். அடுத்தவன் கதையைத் தொட்டா எனக்குக் கை கூசும். நான் சொந்தமா யோசிக்கிற ஆளு.

‘கூட ஒண்ணு’ கதை எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்திருக்கேன். செண்பகம் ரசத்தை ஒரு கிண்ணத்துல ஊத்தி வச்சா. வச்சவ கிண்ணத்தையே பார்த்தா. ‘ஏங்க, இது நம்ம கிண்ணம் இல்லைங்க’ன்னா. விளிம்புல பேர் வெட்டியிருக்கு, வேற யாரோட பேரோ. கல்யாணத்துக்குச் சீர் கொடுக்கும்போது பாத்திரக்கடையில மெஷின் வச்சுக் கொத்திக் கொடுப்பாங்கள்ல, அது. மாடி வீட்டுலருந்து பாயசமோ என்னமோ வந்த கிண்ணம், திரும்பிப் போகல. ‘எத்தனை மாசமா நம்ம வீட்டுல இருக்கோ! ஒரு சாமான் காணாமப்போனா வீட்டையே தலைகீழாக்குவோம், கூட ஒண்ணு இருந்தா யாரு கவனிக்கிறா? எவனாவது தினம் ஒண்ணைக் கொண்டாந்து வச்சுட்டுப் போனாக்கூட நமக்குத் தெரியாது’ன்னா. சும்மா சொன்னா சார். ரசத்தை ஊத்திக்கிட்டே சொன்னா.

எனக்கு அப்படியே மண்டைக்குள்ள மின்னல் வெட்டுச்சு! திருடன் வீட்டுக்கு வர்றான், எடுக்க வரல, வைக்க வர்றான்! யோசிச்சுப் பாருங்க. தனியா இருக்கற ஒரு பொண்ணு. தினம் அவ வீட்டுல ஒரு சாமான் கூடுது. ஒரு ஸ்பூன், ஒரு துண்டு, ஒரு செருப்பு, அப்புறம் ஒரு கத்தி. திடீர்னு பார்த்தா, கொலை செய்யப்பட்ட ஒருத்தனோட மொத்த வீடும் அவ வீட்டுக்குள்ள இருக்கு. போலீஸ் கதவைத் தட்டுது. இடைவேளை! எப்படி? அந்த இடைவேளையும் அவதான் சொன்னா, ஆனா ரசம் சாப்பிட்டுக்கிட்டே அதைப் படமா பார்த்தது யாரு? அந்தக் கண்ணு வேணும்ல சார்.

சரி, தயாரிப்பாளர். நாமக்கல்ல கோழிப்பண்ணை வச்சிருக்கற செங்கோட்டுவேலு அய்யா. தங்கமான மனுசர். முழுக்கதையையும் நடிச்சே காட்டினேன். கதவைத் தட்டற இடத்துல அவர் மேஜையையே தட்டிட்டேன், தண்ணி டம்ளர் உருண்டுருச்சு. அவரு துடைச்சுக்கிட்டே கேட்டார். ‘நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. எந்த நாட்டுப் படமுங்க?’

நான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, ‘என் சொந்தக் கதை அய்யா’ன்னேன். அவர் முகம் செத்துப்போச்சு சார்.

‘ஏனுங்க தம்பி, எங்கயும் ஓடாத கதையுங்களா? நான் முட்டை வாங்கி அடைவெச்சு, பொரிக்குமா கூமுட்டையான்னு உக்காந்திருக்கற ஆளு இல்லீங்க. பொரிச்ச குஞ்சா இருந்தாத்தான் வாங்குவனுங்க. வேறெங்காச்சும் நல்லா ஓடுன படமாப் பாத்துட்டு வாங்க.’

எத்தனை வருஷக் கனவு சார்! எழுந்துட்டேன். வாசல் வரைக்கும் போயிட்டேன். போனவன் திரும்பி வந்து சொன்னேன். ‘மன்னிக்கணும் அய்யா, மறைச்சுட்டேன். கொரியன் படம். ‘ஹா மின் தோ’. அங்க பேய் ஓட்டம் ஓடுச்சு.’ எங்கிருந்து வந்துச்சு அந்தப் பேரு? எனக்கே தெரியாது, மூணு தடவை தும்மினா வர்ற சத்தம் மாதிரி இருந்துச்சு. அவரு எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டார். ‘அதைய முன்னயே சொல்லோணுமல்லங்க!’

நம்புங்க சார், தமிழ் சினிமாவுல சொந்தக் கதையைக் காப்பின்னு பொய் சொல்லிச் சான்ஸ் வாங்கின ஒரே ஆளு நானாத்தான் இருக்கணும்.

ரெண்டு நாள்ல போன். ‘தம்பி, அந்தப் படத்தைய நானும் ஒருக்கா பாக்கோணுமுங்க.’ என்ன செய்ய? தெரிஞ்ச பையன்கிட்ட ஏதோ ஒரு கொரியன் படம் வாங்கினேன். சப்டைட்டில் இல்லாததாப் பார்த்து வாங்கினேன். குடும்பப் படம் போல, எப்பப் பாரு எல்லாரும் சுத்தி உட்கார்ந்து சாப்பிடறாங்க, கடைசியில வயசான ஒரு அம்மா குமுறிக் குமுறி அழுவுது. அதைக் கொடுத்து விட்டுட்டு நான் கந்தகோட்டத்து முருகன்கிட்டப் போய் உட்கார்ந்துட்டேன்.

சாயங்காலம் போன் வருது. ‘பாத்துட்டனுங்க தம்பி! நீங்க சொன்னாப்லயே இருக்குதுங்க, ஒண்ணுகூட மாறல! அவனுக சாப்புடறப்ப ஒருத்தன் முழிக்கறான் பாருங்க, அப்பவே இவந்தான் கொலைகாரன்னு நான் புடிச்சுட்டனுங்க. ஆனா ஒண்ணுங்க. கடைசீல அந்த அம்மா அழுவுது பாருங்க, நீங்க கதை சொல்றப்ப அதைய விட்டுப்போட்டீங்க. அதுதானுங்க படமே. அது இல்லாட்டி எனக்கு வேண்டாமுங்க.’

என் கதையில அம்மாவே கிடையாது சார்! எந்த அம்மாவை எங்க கொண்டுபோய் அழவைக்கறது? பித்துப் பிடிச்சவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். செண்பகம் துணி மடிச்சுக்கிட்டிருந்தா. புலம்பினேன். ‘அழுதுட்டுப் போகட்டும், கொலைகாரனோட அம்மாவா வச்சுக்கோங்க’ன்னா. ‘செத்தவன் வீட்டுச் சாமானாத்தானே கொண்டாந்து கொண்டாந்து வைக்கிறான்? ஒருநாள் தவறிப்போய்த் தன் வீட்டு டம்ளரைக் கொண்டாந்து வச்சுடறான். அவன் அம்மா கல்யாணத்துல பேர் வெட்டின டம்ளர். போலீஸ் அதைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போகுது. அந்த அம்மா பார்த்ததும், அட, எங்க வீட்டு டம்ளர், இத்தனை நாளாத் தேடிக்கிட்டிருந்தேன்னு ஆசையா வாங்கிக்குது. அப்புறம்தான் புரியுது, வாங்கினது டம்ளரை, காட்டிக் கொடுத்தது புள்ளையைன்னு. அழாம என்ன செய்யும்?’

எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. ஆனாலும் லாஜிக் கேட்கணும்ல, நான் டைரக்டர். ‘அவ்வளவு பிளான் பண்றவன் டம்ளர்ல பேர் இருக்கறதைப் பார்க்க மாட்டானா?’ன்னேன். அதுக்கு அவ, ‘நீங்க தினம் காபி குடிக்கிறீங்களே, உங்க டம்ளர்ல யாரு பேரு இருக்கு, சொல்லுங்க?’ன்னா.

தெரியல சார். உங்களுக்குத் தெரியுமா? பார்த்தீங்களா! எந்த ஆம்பளைக்கும் தெரியாது. அந்த மனோதத்துவத்தை நான் பிடிச்சேன் பாருங்க, அதுதான் டைரக்டர் டச்.

படம் வந்துச்சு. ஓடுச்சு சார்! அந்த அம்மா டம்ளரை வாங்கி முந்தானையால துடைக்கிற இடத்துல தியேட்டர்ல ஊசி விழுந்தா கேட்கும். நான் ஆபரேட்டர் ரூம்ல நின்னுக்கிட்டு அழறேன், சிரிக்கிறேன், ஆபரேட்டருக்கு முத்தம் கொடுக்கப் போயிட்டேன். வெளிய வந்தா தூக்கிக்கிட்டு ஓடப்போறாங்கன்னு தலையை வாரிக்கிட்டு வெளிய வந்தேன்.

அதுக்கு முந்தின நாளே நம்ம செங்கோட்டுவேலு அய்யா பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, ‘கொரியாவுல சக்கைப்போடு போட்டதுங்க’ன்னு மைக்ல சொல்லிட்டார். தொலைஞ்சேன்! அடுத்த நாள் விமர்சனம்: ‘கொரியன் படத்தை அப்பட்டமாக உருவியிருக்கிறார்கள். டம்ளர் காட்சிகூட அப்படியே.’ டம்ளர் காட்சி அப்படியேவாம்! யூட்யூப்ல ஒரு தாடிக்காரன், ஏதோ திரைப்பட விழாவுல ஒரிஜினலைப் பார்த்தானாம். ‘ஒரிஜினல் இன்னும் நல்லா இருக்கும். அந்த ஹீரோயின் கண்ணுலயே நடிச்சிருப்பா. இதுல கத்தித் தீர்த்துட்டாங்க’ன்றான். இல்லாத படத்துல இல்லாத நடிகை, என் ஹீரோயினைவிட நல்லா நடிச்சுட்டா சார்! என்கூட லாட்ஜ்ல வடை தின்ன ஒருத்தன் போன் பண்ணி, ‘மச்சான், ஒரிஜினல்ல செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக், நீ ட்ரிம் பண்ணிட்ட, சூப்பர்’ன்னான். அவனை என்ன செய்ய? நன்றின்னு சொல்லி வச்சுட்டேன்.

உண்மையைச் சொல்லலாம்னா எப்படிச் சொல்றது? சொன்னா அய்யாவை ஏமாத்தினதா ஆயிரும். சொல்லாட்டி உருவினவன். அடுத்த பட வாய்ப்புன்னு வர்றவன் எல்லாம், ‘வேற நல்ல கொரியன் படம் இருக்கா சார்?’னுதான் வர்றான். எனக்குச் சோறு இறங்கல. நிஜமாவே அழுதேன் சார். என் கதை, என் மூளை, அதுக்கு வேற எவனோ அப்பன்னு ஊரே சொன்னா தாங்குமா? சொந்தமா யோசிச்சவனுக்கு அந்தப் பேரு கிடைக்கலைன்னா, அந்த வலி பட்டவனுக்குத்தான் தெரியும்.

அப்பத்தான் ஹைதராபாத் கம்பெனியிலருந்து அனசூயா மேடம் வந்தாங்க, வீட்டுக்கே. நல்லா தமிழ் பேசுவாங்க. படத்தைத் தெலுங்குல பண்ணணுமாம், பிடிச்சிருக்காம். ஆனா, ‘உங்ககிட்ட எதுக்கு ரைட்ஸ் வாங்கணும்? கொரியாக்காரங்ககிட்டயே வாங்கிக்கிறோம். எங்க வக்கீல் தேடிக்கிட்டே இருக்கார், அந்தப் படம்தான் கிடைக்க மாட்டேங்குது’ன்னாங்க.

எப்படி சார் கிடைக்கும்? நான் அப்படியே சோபாவுலருந்து இறங்கித் தரையில உட்கார்ந்துட்டேன். எல்லாத்தையும் கொட்டிட்டேன். கொரியாவும் இல்ல ஒரு மண்ணும் இல்ல மேடம், என் கதை, என் கதைன்னு. ஒரு மழை நாள், ஜன்னலோரம், என் ஆன்மாவுக்குள்ள ஒரு குரல்னு ஆரம்பிச்சு உருக்கமா எடுத்து விட்டேன். அந்தம்மா நம்பல. ‘எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க’ன்னு பையை எடுத்துட்டாங்க.

செண்பகம் காபியோட வந்தா. டம்ளரை அவங்க கையில கொடுத்தா. கொடுத்துட்டு, ‘ஏங்க மேடம், கொரியாவுல யாராவது டம்ளர்ல பேர் வெட்டுவாங்களா?’ன்னா.

அந்தம்மா டம்ளரைத் திருப்பிப் பார்த்தாங்க. விளிம்புல எங்க மாமியார் பேரு, கல்யாணத் தேதி. பையைக் கீழ வச்சுட்டாங்க. அவ்வளவுதான் சார்! அத்தனை விமர்சகனுக்கும் அந்தத் தாடிக்காரனுக்கும் தோணாதது. நானும் அதைச் சொல்றதாத்தான் இருந்தேன், மழையிலருந்து ஆரம்பிச்சதால அங்க வர நேரமாயிருச்சு.

அப்புறம் அந்தம்மா என்னைப் பார்க்கவே இல்லை, அவளையே பார்த்தாங்க. ‘இது உங்களுக்கு எப்படித் தோணுச்சு?’ன்னு கேட்டாங்க. இவ பாட்டுக்கு, கிண்ணம் வந்தது, ரசம் ஊத்தினது, துணி மடிச்சப்ப அம்மாவைச் சொன்னதுன்னு வரிசையா ஒப்பிக்கிறா. நான் கண்ணைக் காட்டறேன், செருமறேன், ம்ஹூம். ‘வேற கதை இருக்கா?’ன்னாங்க. ‘இருக்கு’ன்னா. எனக்கே தெரியாது சார்! அங்கயே நின்னுக்கிட்டு ஆரம்பிச்சா. ஒரு வீட்டுல சாவு. மாலை வருது, சங்கு ஊதறாங்க, ஊரே அழுவுது. அங்க வந்திருக்கறவங்கள்ல ஒருத்தர் மட்டும் அழறதுக்கு முந்தியே கைக்குட்டையை எடுத்து மடியில தயாரா வச்சுக்கறார். எடுத்து வச்சதுக்கு அப்புறம்தான் போன் வருது, அடுத்த வீட்டுலயும் சாவுன்னு! அந்தம்மா காபியைக் குடிக்க மறந்துட்டாங்க. நானும்தான்.

சரியா அந்த இடத்துல நிறுத்திட்டா. ‘மிச்சத்தை ஹைதராபாத்ல வந்து உங்க டைரக்டர்கிட்டயே சொல்றேன் மேடம். இப்ப சொன்னா இவர் காதுல விழும். நாளைக்கு இவர் கதையாயிடும்’ன்னா.

நாங்க மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அதாவது, அவங்க ரெண்டு பேரும் சிரிச்சாங்க, நானும் சேர்ந்துக்கிட்டேன். கிண்டல்காரி சார் அவ. ஒப்பந்தத்துல ‘கதை: செண்பகவல்லி’ன்னு போட்டிருக்காங்க. போடட்டுமே, வீட்டுக்குள்ளதானே இருக்கு. டிக்கெட்கூட அவ பேருக்குத்தான் எடுத்தாங்க, கூட ஒருத்தர்னு என்னைச் சேர்த்திருக்காங்க. நானும் பெட்டி தூக்க ஒரு ஆள் வேணுமேன்னு வந்தேன்.

ஆனா ஒரு விஷயம் மட்டும் அரிக்குது சார். கைக்குட்டை வச்சிருந்தது யாரு? எதுக்கு? செத்தவரோட சித்தப்பாவான்னேன், இல்லைன்னுட்டா. சங்கு ஊதறவரான்னேன், சிரிச்சா. தூக்கத்துல உளறுவாளான்னு முழிச்சுக்கூடப் பார்த்துட்டேன். எனக்கு ஒரு சின்ன நூல் கிடைச்சாப் போதும், மிச்சத்தை நானே டெவலப் பண்ணிக்குவேன்.

ஓ, நெல்லூர் வந்துருச்சா? ஒரு நிமிஷம், ரெண்டு மோர் பாக்கெட் வாங்கிட்டு ஓடி வந்துடறேன். என் பையை மட்டும் பார்த்துக்கோங்க.

அப்பாடா! ஏறறதுக்குள்ள வண்டி நகர்ந்துருச்சு சார். இந்தாங்க, உங்களுக்கும் ஒண்ணு வாங்கினேன், குடிங்க. என்ன சார், முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு? கையில என்ன, முடியெல்லாம் சிலிர்த்துப் போய் நிக்குது? ஏசி அவ்வளவு ஒண்ணும் இல்லையே. எதுக்கு அவளைத் திரும்பித் திரும்பிப் பார்க்கறீங்க? அவ எதுக்கு உங்களைப் பார்த்துச் சிரிக்கிறா?

இங்க வந்திருந்தாளா? இந்த ஸீட்லயா உட்கார்ந்தா? நான் மோர் வாங்கற அந்தக் கொஞ்ச நேரத்துலயா? முழுசாவா சொன்னா? கடைசி வரைக்குமா?

யாரு சார் அது? சார்… சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்ககிட்டயும் சத்தியம் வாங்கிட்டாளா? என் தலையில அடிச்சா வாங்கினா? சரி, பேர் வேண்டாம். ஆம்பளையா பொம்பளையா, அதை மட்டும் சொல்லுங்க. தலையையாவது ஆட்டுங்க சார்!